இரண்டு காலும் நிலத்தில் நிற்கிற நேரம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரை.
குருநகர் மண்டபத்துச் சீமெந்துத் தரையில்
வெண்கட்டியால் பத்து மீற்றர் கோடு.
கைபேசியை முக்காலியில் பூட்டிவிட்டு
பிசியோதெரபிப் பிள்ளை அபிராஜினி சொல்கிறாள்:
"வழமையா நடக்கிற மாதிரி நடவுங்கோ ஐயா."

வழமை.
முப்பத்தொரு வருசம் நில அளவைத் திணைக்களத்தில்
சங்கிலி பிடித்தவன் நான்.
அரை அடி வேலிக்காக
அண்ணன் தம்பி கோடேறிய காணிகளை
அளந்து கொடுத்தவன்.
என் எட்டின் நீளத்தை
ஒருநாளும் அளந்ததில்லை.

நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.

இன்னும் எழுதுகிறாள்:
குதி முதலில் படவில்லை, பாதம் முழுக்க விழுகுது.
இடக்கை வீசவில்லை.
இரண்டு காலும் நிலத்தில் நிற்கிற நேரம் கூட.
"அதென்ன பிள்ளை?"
"ஒரு காலைத் தூக்க முன்னம்
மற்றக் கால் யோசிக்கிற நேரம்."

யோசனை இல்லை அது.
ஓய்வுக்கு முந்தின வருசம்
முகமாலையில் எல்லைக்கல் தேடித் திரிந்தோம்,
மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகளுக்கு இடையில்.
முதலில் பாதத்தை வைக்கிறது,
பிறகுதான் பாரத்தைக் கொடுக்கிறது.
வெடியெல்லாம் எடுத்தாயிற்று என்று
பேந்து ஒரு கடிதம் வந்தது.
காலுக்கு அதன் பிரதி போகவில்லை.

அளவு முடிய பைலா.
அருளப்புவின் பாஞ்சோவில் ஒரு கம்பி குறைவு.
எல்லாருக்கும் சோடி கிடைத்துவிட்டது;
எனக்கு எமரென்சியா.
வலைத் தொழிற்சாலையில் முடிச்சுப் பார்த்தவள்,
எழுபத்துமூன்று வயது,
வலது முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர்க் கால்.
"என்ன ஐசே, கடன் கேக்க வந்தவன் மாதிரி
வாசல்லயே நிக்கிறீர்?
ரப்பர்க் கால் எனக்கு, நடுக்கம் உமக்கோ?"

முன்னுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று.
அது பரவாயில்லை, குனிந்து பார்த்து வைக்கலாம்.
பிறகு அவள் என் உள்ளங்கையை மெல்லத் தள்ளுவாள்:
பின்னுக்கு.
பின்னுக்கு வைக்கிற எட்டுக்குக் கண் கிடையாது.
அவளுடைய கை சொல்வதை நம்பி
பெருவிரலால் தடவி
குதியை இறக்கவேண்டும்,
அதற்குள் மேளம் அடுத்ததைக் கேட்கிறது.

முதல் மாதம் முழுக்க
அவளுடைய நல்ல காலைத்தான் மிதித்தேன்.
புதன்கிழமை இரவுகளில் முழங்கால் ஊளையிட்டது,
வீடு முழுக்கத் தைல மணம்.
"உந்த வயதில் உதென்ன கூத்து"
கனடாவிலிருந்து மகன்.
செல்லையா மாஸ்ரர் விழுந்து மணிக்கட்டு உடைந்தது,
ஆட்டத்தில் அல்ல, செருப்புத் தேடுகையில்.
இரண்டு கிழமையால் கையில் மாவுக்கட்டோடு வந்து
ஒற்றைக் கையால் சுற்றினார்.

ஒருநாள் பாதியில் கரண்ட் போனது.
ஒருவரும் நிற்கவில்லை.
இருட்டில் பதினெட்டுச் சோடிப் பாதம் உரசுகிற சத்தம்,
நடுவில் ஒரு ரப்பர்க் காலின் 'டப்'.
அதை வைத்துத்தான் என் இடத்தைப் பிடித்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் திரும்ப வெண்கட்டிக் கோடு.
ஐம்பத்துமூன்று.
நிற்கிற நேரம் குறைந்திருக்காம்.
"சந்தோசப்படாதேங்கோ ஐயா,
பதினெட்டுப் பேரை வைச்சு ஒண்டும் சொல்லேலாது,
சும்மா நடந்த ஆக்களுக்கும் கொஞ்சம் கூடித்தான் இருக்கு."
நல்ல பிள்ளை.
அளக்கிறவர் அப்படித்தான் இருக்கவேண்டும்.

கடற்கரை வீதியால் பாசையூர்ப் பக்கம் நடந்தேன்.
இடக்கையில் அரைக் கிலோ இறால்,
பை தொடையில் அடித்து அடித்து வந்தது.
மீன் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது.
ஒதுங்கி வழிவிட்டேன்,
லொறிக்காரன் கை காட்டினான்,
நானும் காட்டினேன்.

சவுக்குமரம் தாண்டித்தான் உறைத்தது:
நான் ஒதுங்கினது
புல்லுக்குள்.